முதல் நெடுநடை: பென்னைன் வேயா, சவுத் டவுன்ஸ் வேயா? (ஒரு வாரம், 13 வயது மகளுடன்)

அருவி_ரெடிங்

எல்லோருக்கும் வணக்கம். மே கடைசியில் மகளுக்கு ஹாஃப் டேர்ம் (பள்ளிப் பருவத்தின் நடுவில் வரும்) லீவு. இந்தத் தடவை விமானம் ஏறாமல், முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடப்பது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. நான், கணவர், 13 வயது மகள். மூன்று பேரும் சைவம், கணவர் மட்டும் முட்டை சாப்பிடுவார். வார இறுதிகளில் தேம்ஸ் கரையோரம் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து பழக்கம் உண்டு. தொடர்ந்து பல நாள் நடந்ததில்லை.

கணவருக்கு இங்கிலாந்தின் வடக்கே மலைமேல் போகும் நெடும்பாதையான பென்னைன் வே மேல் ஒரு கண். எனக்குத் தெற்கே வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 100 மைல் போகும் சவுத் டவுன்ஸ் வே போதும் என்று தோன்றுகிறது. மகளுக்கு எதுவானாலும் சரி, இரவில் வைஃபை இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் எதில் எவ்வளவு முடியும்? ரூம், சாப்பாடு எல்லாம் எப்படி? கூடாரம் தூக்குகிற எண்ணம் இல்லை.

சேற்றுக்கால்

பென்னைன் வே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இங்கிலாந்தில் நெடும்பாதை என்ற ஒன்று வந்ததே அதனால்தான். 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர், ஷெஃபீல்டு பக்கத்து மில் தொழிலாளர்களும் இளைஞர்களுமாக நூற்றுக்கணக்கான பேர் கிண்டர் ஸ்கவுட் மலைமேல் ஏறினார்கள். அந்த மேட்டுநிலம் முழுக்கப் பிரபுக்களின் க்ரவுஸ் என்ற பறவை வேட்டைக்காக அடைத்து வைக்கப்பட்டிருந்தது. காவலாட்களோடு கைகலப்பு. ஐந்து பேருக்குச் சிறை, ஆறு மாதம் வரை. அதற்கு மூன்று வருடம் கழித்து டாம் ஸ்டீபன்சன் என்ற பத்திரிகையாளர் டெய்லி ஹெரால்டில் எழுதினார்: டெர்பிஷையரிலிருந்து ஸ்காட்லாந்து எல்லைவரை மலைமுதுகில் ஒரு நீண்ட பசும்பாதை வேண்டும் என்று. அது திறக்கப்பட்டது 1965-ல், அதே ஏப்ரல் 24 அன்று. முப்பது வருடம் விடாமல் கேட்டு வாங்கியது. எடேலிலிருந்து கிர்க் யெட்ஹோம் வரை 268 மைல்.

முதல் தடவையே அங்கே போங்கள். சவுத் டவுன்ஸ் வே ஞாயிற்றுக்கிழமை உலா.

கால்நடைக்காரன்

சேற்றுக்கால் அண்ணா சொன்ன சரித்திரம் எல்லாம் சரி. ஆனால் அவர் எடேலிலிருந்து கிளம்பும் முதல் நாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள்.

எடேல் முதல் க்ரவுடன் வரை முதல் நாள் சுமார் 16 மைல். காலையிலேயே ஜேகப்ஸ் லேடர் என்ற படிக்கட்டு ஏற்றம், பிறகு கிண்டரின் விளிம்பு, பிறகு ப்ளீக்லோ மேடு. நடுவில் ஸ்நேக் சாலை ஒன்றைக் கடப்பீர்கள், அங்கே கடை கண்ணி எதுவும் இல்லை. மூடுபனி இறங்கினால் எதிரில் நடப்பவர் தெரியமாட்டார். மறுநாள் ப்ளாக் ஹில். ஒரு காலத்தில் இடுப்பளவு கரிச்சேறு என்று பெயர் வாங்கிய இடம். இப்போது இடிந்த பஞ்சாலைகளின் தரைக்கற்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து பாதையாகப் பதித்திருக்கிறார்கள். அதனால் புதைய மாட்டீர்கள். ஆனால் ஈரக்கல் வழுக்கும்.

பத்துப் பன்னிரண்டு மைல் ஆற்றங்கரையில் நடப்பதும் இதுவும் ஒன்றல்ல. நேய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார், இன்றைக்கும் எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது நல்ல நடைக்காரருக்கு, நிற்காமல் போனால். 13 வயதுப் பெண், மூன்று பை, டீ, போட்டோ, செருப்புக் கடி எல்லாம் சேர்த்தால் அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

என் கட்சி இதுதான்: முதல் நெடுநடைக்குப் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது அது எங்கே முடிகிறது என்று பார்க்காதீர்கள். நடுவில் எங்கெங்கே விட்டுவிட்டு ரயில் ஏறலாம் என்று பாருங்கள். இந்தக் கணக்கில் சவுத் டவுன்ஸ் வே எதையும் ஜெயிக்கும். வின்செஸ்டரில் ஸ்டேஷன், ஆம்பர்லியில் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஸ்டேஷன், சவுதீஸில் பாதையே ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகிறது, கடைசியில் ஈஸ்ட்போர்ன். நடுவில் கீழே இறங்கினால் ஹாசக்ஸ், லூயிஸ்.

சேற்றுக்கால்

ஓடிப்போகிற வழியைப் பார்த்துக்கொண்டா கிளம்புவது?

கால்நடைக்காரன்

13 வயதுப் பிள்ளையோடு என்றால், ஆமாம்.

மீனலோசனி

நான் தனியாக நடப்பவள். கோட்ஸ்வோல்ட் வே, ரிட்ஜ்வே, சவுத் டவுன்ஸ் வே மூன்றும் முடித்திருக்கிறேன். அருவி, உங்களுக்கு சவுத் டவுன்ஸ்தான். காரணம் வேறு.

அந்த மேடு முழுக்கச் சுண்ணக்கல். மழை விழுந்ததும் உள்ளே இறங்கிவிடும், மேலே ஓடை ஒன்றுகூட இருக்காது. அதனால் பாதை சீக்கிரம் காயும். வடக்கே ஒரு நாள் மழை பெய்தால் மூன்று நாளைக்கு ஷூ காயாது, இங்கே அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதே காரணத்தால் குடிக்கத் தண்ணீரும் மேலே இல்லை. ஆங்காங்கே நடப்பவர்களுக்கென்று குழாய் வைத்திருக்கிறார்கள். அடூர் ஆற்றைக் கடக்கிற இடத்தில் ஒன்று, சாடில்ஸ்கோம் பண்ணையில் ஒன்று. கிளம்பும் முன் குழாய் இருக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில் அந்த முதுகில் நிழல் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் கட்டாயம்.

ஈரமான சுண்ணாம்பு சோப்பு மாதிரி. ஏற்றத்தில் தெரியாது, இறக்கத்தில் தெரியும். கைக்கோல் ஒன்றாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அது முழுக்கக் குதிரைப்பாதை, அதாவது சைக்கிளும் குதிரையும் வரும். 1972-ல் திறந்தபோதே அப்படித்தான். சைக்கிள்காரர்கள் பின்னாலிருந்து சத்தமில்லாமல் வருவார்கள். மகளை இரண்டு காதிலும் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்க விடாதீர்கள்.

சும்மா_வந்தேன்

ஒரு சந்தேகம். 100 மைல் என்றால் காரில் இரண்டு மணி நேரம். ஒரு வாரம் ரூம் வாடகை, சாப்பாடு, ஷூ. இந்தக் காசில் ஸ்பெயினில் மலாகா போய் வரலாமே?

மீனலோசனி

போய் வாருங்கள். அங்கிருந்து ஒரு மேக்னட் வாங்கி வாருங்கள்.

ஹாரோ_மாமா

தங்கச்சி அருவி, நான் பென்சன் எடுத்த பிறகுதான் இந்த நடைக்குள் வந்தவன். நீங்கள் இரண்டு பாதையை மட்டும் கதைக்கிறீர்கள். ஹேட்ரியன் சுவர்ப் பாதையை ஒருவரும் சொல்லவில்லையே.

நியூகாசிலுக்குப் பக்கத்தில் வால்ஸெண்டிலிருந்து மேற்கே போனஸ்-ஆன்-சால்வே வரை 84 மைல். கி.பி. 122-ல் ரோமச் சக்கரவர்த்தி ஹேட்ரியன் கட்டத் தொடங்கிய சுவர். முதலும் கடைசியும் தட்டை நிலம், நடுவில் மட்டும்தான் ஏற்ற இறக்கம். அந்த நடுப்பகுதிதான் வடிவு. ஹவுஸ்டெட்ஸ் கோட்டை, கிராக் லஃப் ஏரி, கரும்பாறை விளிம்பின் மேல் ஏறி இறங்கிப் போகும் சுவர். சைக்கமோர் கேப் என்ற இடத்தில் பள்ளத்துக்குள் தனியாக நின்ற மரத்தை 2023 செப்டம்பரில் இரண்டு பேர் இரவோடு இரவாக அறுத்துப் போட்டார்கள். இருவருக்கும் சிறை கிடைத்தது. அடிக்கட்டையில் துளிர் வந்திருக்கிறது.

ஏ.டி.122 என்று இலக்கம் போட்ட பஸ் ஒன்று கோடையில் சுவரோரம் ஓடும். பிள்ளைக்குக் கால் நொந்தால் ஏற்றி விடலாம். மே தொடக்கம் முதல் அக்டோபர் முடிவு வரை ஒரு சின்னப் பாஸ்போர்ட் கொண்டுபோய் வழியில் ஏழு இடத்தில் முத்திரை குத்தலாம், பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டு. மாரி காலத்தில் முத்திரைப் பெட்டி இராது. ஈர நிலத்தில் ஆட்கள் நடந்தால் மண்ணுக்குள் கிடக்கும் சுவடுகள் கெட்டுப்போகும் என்றுதான் அப்படி.

முடிந்தால் டைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சவுத் ஷீல்ட்ஸ் போய் அங்குள்ள கோட்டை அருங்காட்சியகத்தையும் பாருங்கள். சிரியாவின் பல்மைராவிலிருந்து வந்த பராத்தேஸ் என்ற ஒருவன் தன் மனைவி ரெகினாவுக்கு வைத்த நடுகல் இருக்கிறது. அவள் தெற்கு இங்கிலாந்துக்காரி, முதலில் அவனுடைய அடிமை, பிறகு விடுதலை செய்து மனைவியாக்கிக்கொண்டான். முப்பது வயதில் செத்துப் போனாள். மேலே லத்தீன், கடைசி வரி மட்டும் அவனுடைய ஊர் எழுத்தில். வெளிநாட்டுக்காரர் இந்த நாட்டுக்கு நேற்று வந்தவர்கள் என்று யாரும் சொன்னால் எனக்கு அந்தக் கல் நினைவுக்கு வரும்.

அருவி_ரெடிங்

மாமா, நன்றி. அந்தக் கல்லுக்காகவே ஒருநாள் போக வேண்டும். ரெடிங்கிலிருந்து நியூகாசில் போகவர இரண்டு நாள் தின்றுவிடுமே என்றுதான் யோசனை.

வேறு ஒரு கேள்வி. சென்ற வாரம் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் ஒத்திகைக்காக நடந்தோம். வரைபடத்தில் பச்சைக் கோடு ஒரு வயலுக்குக் குறுக்கே போகிறது. நேரில் பார்த்தால் மஞ்சள் பூத்த கடுகுப் பயிர் கழுத்தளவு, பாதையே இல்லை. தூரத்தில் டிராக்டரில் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் உள்ளே போகலாம் என்றார், எனக்குக் கூச்சமாக இருந்தது. சுற்றிக்கொண்டு சாலை வழியாகப் போய்விட்டோம். ஒருவருடைய பயிருக்குள் நடப்பது தப்பில்லையா?

வரப்பு

தப்பில்லை. தப்பு அவருடையது. எங்கள் ஊரில் பாதைகளைக் கவனிக்கிற தன்னார்வக் குழுவில் இருக்கிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1,40,000 மைல் பொதுவழி உண்டு. பெரும்பாலும் தனியார் நிலத்துக்குள்தான் போகிறது. நிலம் அவருடையது, வழி எல்லோருடையது. சந்தைக்கும் சர்ச்சுக்கும் மில்லுக்கும் ஜனங்கள் நடந்து நடந்து உண்டான வழிகள். 1949-ல் வந்த தேசியப் பூங்காச் சட்டம் ஒவ்வொரு கவுன்டியும் (மாவட்டம் மாதிரி) தன் எல்லைக்குள் உள்ள வழிகளை அதிகாரபூர்வ வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்றது. அதில் ஏறிவிட்டால் அது சாலைக்குச் சமம். உழவர் அதை மூட முடியாது, முள்கம்பி போட முடியாது.

வயலுக்குக் குறுக்கே போகும் நடைபாதையை அவர் உழலாம். ஆனால் விதைப்புக்காக உழுதால் பதினான்கு நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குத் திரும்பத் தெரிகிற மாதிரி ஆக்கித் தர வேண்டும், பிறகு பயிர் அதை மூடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வயல் ஓரமாகப் போகும் பாதையை உழவே கூடாது. செய்யவில்லை என்றால் வரைபடம் காட்டும் கோட்டிலேயே நீங்கள் பயிருக்குள் ஒருவர் பின் ஒருவராக நடக்கலாம், உங்கள் உரிமை அது. நேராகப் போங்கள், கிளைபிரிந்து அலையாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கவுன்டி கவுன்சில் இணையதளத்தில் இடத்தைக் குறித்துப் புகார் போடுங்கள். சிலருக்கு ஒரே கடிதத்தில் வேலை நடக்கும், சிலருக்கு வருடக்கணக்காகும். கவுன்சில்களிடம் பணமில்லை, ஆளில்லை, அதுதான் உண்மை நிலவரம்.

இந்த உரிமை போய்வருவதற்கு மட்டும். உட்கார்ந்து சோறு தின்னலாம், படுத்துத் தூங்கக் கூடாது.

அம்புக்குறி நிறங்களைக் கற்றுக்கொள்ளுங்கள். மஞ்சள் நடப்பவருக்கு மட்டும். நீலம் குதிரை, சைக்கிளுக்கும். சிவப்பு என்றால் மோட்டார் வண்டியும் வரலாம். தேசியப் பாதைகளில் ஓக் கொட்டைச் சின்னம் இருக்கும். சவுத் டவுன்ஸில் ஓக் கொட்டையைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தப்பாது. ஆனாலும் ஆரஞ்சு அட்டை போட்ட ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம், 1:25,000 அளவு, காகிதத்தில் ஒன்று பையில் இருக்கட்டும். அதில் வேலி வேலியாகத் தெரியும். போன் பாட்டரி போனால் அதுதான் துணை.

டெவன்_குமார்

வரைபடத்தில் ஏறாத பழைய வழிகள் எக்கச்சக்கம் இருக்கிறதே, அவற்றுக்கு ஏதோ கெடு வைத்தார்கள் இல்லையா?

வரப்பு

2000-ம் வருடச் சட்டம் 2026 ஜனவரி 1 என்று கெடு வைத்தது. 1949-க்கு முந்தைய வழிகளை அதற்குள் ஆதாரத்தோடு பதியாவிட்டால் போனது போனதுதான். பிறகு அதை 2031-க்குத் தள்ளினார்கள். 2024 டிசம்பரில் கெடுவையே எடுத்துவிடப் போவதாக அரசு சொன்னது. நாங்கள் இன்னும் ஆவணக்காப்பகத்தில் டைத் என்ற சர்ச் வரிக்காக வரைந்த பழைய வரைபடங்களைப் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அரசு சொன்னதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார எங்களுக்குத் தைரியம் இல்லை.

அருவி_ரெடிங்

ஆஹா, இது தெரியாமல் இரண்டு மைல் சுற்றினோம். மாடுகள் விஷயமும் சொல்லிவிடுங்கள். மகளுக்கு மாடு என்றால் பயம்.

கால்நடைக்காரன்

பயம் நியாயமானதுதான். மே, ஜூனில் கன்றோடு இருக்கும் பசுக்கள் காளையைவிட மோசம். வருடாவருடம் நடப்பவர்கள் மிதிபட்டுச் சாகிற செய்தி வருகிறது, பெரும்பாலும் நாயோடு போனவர்கள். உங்களிடம் நாய் இல்லை, பாதி ஆபத்து அங்கேயே போய்விட்டது.

பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் போகாதீர்கள். மந்தை பாதையை மறித்து நின்றால் வேலியோரமாக அகலச் சுற்றுங்கள், பிறகு பாதைக்குத் திரும்புங்கள். இளங்காளைக் கன்றுகள் கூட்டமாக ஓடிவரும், அது பெரும்பாலும் வேடிக்கை பார்க்க. ஓடாதீர்கள். திரும்பி நின்று கையை அகல விரித்து அதட்டினால் நின்றுவிடும். ஊரில் நாம் போடுகிற "ஏய், ஹை" சத்தம் இங்கிலாந்து மாட்டுக்கும் நன்றாகவே புரிகிறது.

காளை பற்றிச் சட்டம் விசித்திரமானது. ஹோல்ஸ்டைன், ஜெர்சி போன்ற பால் இனக் காளை பத்து மாதம் தாண்டியிருந்தால் பொதுவழி உள்ள வயலில் விடக் கூடாது. இறைச்சி இனக் காளை என்றால் பசுக்களோடு சேர்த்து விடலாம். பசுக்களோடு இருந்தால் அதற்குக் கவனம் வேறு பக்கம் என்று கணக்கு.

கேட்டைத் திறந்தால் சாத்துங்கள். திறந்தே கிடந்தால் அப்படியே விடுங்கள், தண்ணீருக்காகத் திறந்து வைத்திருப்பார்கள்.

சேற்றுக்கால்

எல்லாம் சரி. பையை வேனில் அனுப்பாதீர்கள். அதைச் செய்தால் அது நடை அல்ல, டூர்.

மீனலோசனி

ஆரம்பித்துவிட்டாரா? அருவி, தாராளமாக அனுப்புங்கள். பெரிய பாதைகளில் எல்லாம் பை தூக்கும் சேவை உண்டு. காலையில் விடுதி வாசலில் வைத்தால் சாயங்காலம் அடுத்த விடுதியில் இருக்கும். முழங்கால் உங்களுடையது, அண்ணாவுடையதல்ல.

சேற்றுக்கால்

மலைநடை வழிகாட்டி நூல்கள் எழுதிய வெய்ன்ரைட் தூக்கிக்கொண்டு போனாரே.

கால்நடைக்காரன்

வெய்ன்ரைட்டை இழுக்காதீர்கள் அண்ணா. அவருக்கே பென்னைன் வே அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதற்கு மாற்றாகத்தான் 1973-ல் செயின்ட் பீஸ் முதல் ராபின் ஹூட்ஸ் பே வரை கடலுக்குக் கடல் 190 மைல் பாதையை அவரே போட்டார். அதைப் பார்த்து நடக்காதீர்கள், உங்கள் பாதையை நீங்களே வரைபடத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். யாரும் கேட்கவில்லை, அவர் கோட்டின் மேலேயே நடந்து நடந்து கடைசியில் 2022-ல் அரசே அதைத் தேசியப் பாதையாக்குகிறோம் என்றது. பை தூக்கும் வேன்கள் அதிகம் ஓடுவதும் அந்தப் பாதையில்தான்!

சேற்றுக்கால்

சரி, வேன் விஷயத்தை விட்டுவிடுகிறேன். பென்னைன் வேயை விடவில்லை. ஸ்பைன் ரேஸ் என்று ஜனவரிப் பனியில் 268 மைலையும் ஒரே மூச்சில் ஓடுகிறார்கள். 2019-ல் ஜாஸ்மின் பாரிஸ் 83 மணி 12 நிமிடத்தில் ஓடி ஆண்களையும் முந்தி முதலாவதாக வந்தார். வழியில் நின்ற இடங்களில் கைக்குழந்தைக்காகத் தாய்ப்பால் எடுத்துவைத்துக்கொண்டே ஓடினார். இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

அருவி_ரெடிங்

சொன்னேன். "வேன் இருக்கா?" என்று கேட்கிறாள்.

டெவன்_குமார்

கூடாரம் வேண்டாம் என்றீர்கள், நல்லது. இங்கிலாந்தில் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது, நிலக்காரர் அனுமதி வேண்டும். எங்கள் டார்ட்மூர் மட்டும் விதிவிலக்கு. அதையும் ஒரு நிலக்காரர் கோர்ட்டுக்கு இழுத்தார். 2023-ல் உரிமை கேட்ட தரப்பு கீழ்க் கோர்ட்டில் தோற்று, மேல் கோர்ட்டில் ஜெயித்து, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூடாரம் போடுவதும் அங்கே மக்களின் உரிமைதான் என்று முடித்து வைத்தது. அன்று இங்கே பப்பில் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த வருடம் எங்கள் கடற்கரைப் பாதைக்கு வாருங்கள். மைன்ஹெட் முதல் பூல் வரை 630 மைல். கடத்தல்காரர்களைப் பிடிக்கக் கடற்காவலர்கள் குகை குகையாக எட்டிப் பார்த்து நடந்த தடம் அது. அதனால்தான் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும். மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் எவரெஸ்ட் நான்கு தடவை.

மீனலோசனி

சாப்பாடு யாரும் சொல்லவில்லையே. இப்போது எல்லா பப்பிலும் சைவம் ஏதாவது இருக்கும். தோலோடு சுட்ட உருளைக்கிழங்கில் சீஸ், பீன்ஸ்; காளான் பை; கறி என்ற பெயரில் ஒன்று, அதைத் தவிர்ப்பது நல்லது. பிரச்சினை நேரம்தான். மதியம் இரண்டு, இரண்டரைக்குச் சமையலறையை மூடினால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். திங்கள், செவ்வாய் சில கிராமத்து பப்புகள் அடைத்தே இருக்கும். ரூம் போடும்போதே இரவுச் சாப்பாடு உண்டா என்று கேளுங்கள். மதியத்துக்கு நான் எலுமிச்சை சாதமோ, பொடி தடவிய இட்லியோ முதல் இரண்டு நாளுக்குக் கட்டிக்கொண்டு போவேன். பிறகு கடை ரொட்டிதான்.

பி அண்ட் பி (தங்க இடமும் காலைச் சாப்பாடும் தருகிற வீடு) ரூம்கள் லீவு வாரத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். பேங்க் ஹாலிடே என்ற பொது விடுமுறையில் இரண்டு இரவுக்குக் குறைந்து தரமாட்டோம் என்பார்கள். அதனால் முதலில் ரூம், பிறகு பாதை, அதற்கும் பிறகு ஷூ.

தனியாகப் போகும் பெண்கள் இதைப் படித்தால்: பப்பில் நுழையும்போது தலைகள் திரும்பும். நம் நிறத்தில் ஆள் குறைவு என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே திரும்பும். பார் பக்கத்தில் நின்று "இன்று எங்கிருந்து நடந்து வந்தாய்?" என்று யாராவது கேட்டதும் அது முடிந்துவிடும். எனக்கு இதுவரை அப்படித்தான். வேறு மாதிரி அனுபவம் உள்ளவர்களும் இருப்பார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஹாரோ_மாமா

உண்ணி மறந்துபோனீர்கள். புல்லுக்குள் நடந்தால் நீளக் காற்சட்டை, இரவில் முழங்கால் பின்புறம், இடுப்பு எல்லாம் பார்க்க வேணும். கடித்திருந்தால் நுனிக் கிடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே மேலே இழுக்க வேணும். சில கிழமைக்குள் வட்டமாகச் சிவப்புப் படர்ந்தால் டொக்டரிடம் போக வேணும், லைம் நோயாக இருக்கலாம்.

புதுச் சப்பாத்தோடு ஒருபோதும் வெளிக்கிடாதீர்கள்.

அருவி_ரெடிங்

எல்லோருக்கும் நன்றி. கணவரும் இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டார். சவுத் டவுன்ஸ் வே என்று முடிவு. ஆனால் வின்செஸ்டரிலிருந்து 100 மைலும் ஒரே வாரத்தில் போவதா என்பதுதான் இப்போது சண்டை.

கால்நடைக்காரன்

வேண்டாம். ஒரு வாரத்தில் நூறு என்றால் நாளுக்குப் பதினான்கு, ஓய்வே இல்லை. ஆம்பர்லியில் ஆரம்பியுங்கள். அங்கிருந்து ஈஸ்ட்போர்ன் சுமார் 50 மைல், நல்ல பாதி அதுதான். மேற்கிலிருந்து கிழக்கே போனால் காற்றும் பெரும்பாலும் முதுகில்.

முதல் நாள் ஆம்பர்லியிலிருந்து வாஷிங்டன் என்ற கிராமம். இரண்டாம் நாள் சாங்க்டன்பரி ரிங் ஏறி ஸ்டெய்னிங்கில் இறங்குங்கள். ரிங் என்பது இரும்புக் காலக் கோட்டை மேட்டில் வட்டமாக நிற்கும் பீச் மரங்கள். 1760-ல் சார்ல்ஸ் கோரிங் என்ற பையன் நட்டது. 1987 புயலில் பாதிக்கு மேல் சாய்ந்து, மறுபடி நட்டிருக்கிறார்கள். ஸ்டெய்னிங் நல்ல ஊர், கடைகள் உண்டு. மூன்றாம் நாள் டெவில்ஸ் டைக் பள்ளத்தாக்கு வழியாகப் பைக்கோம். அங்கே இரண்டு இரவு தங்குங்கள்.

நடுவில் ஒரு நாளை எதற்கு விடச் சொல்கிறேன் என்றால், பைக்கோமுக்குப் பக்கத்தில் ஜாக், ஜில் என்று இரண்டு காற்றாலைகள் உண்டு. அங்கிருந்து தெற்கே ஒரு கிளைப்பாதை சத்ரி என்ற நினைவு மண்டபத்துக்குப் போகிறது. போகவர இரண்டு மணி நேரம். முதல் உலகப்போரில் காயம்பட்ட இந்திய வீரர்களுக்கு பிரைட்டன் அரண்மனையையே ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். பிரைட்டனில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை இந்த மேட்டில் கொண்டுவந்துதான் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் கட்டி 1921-ல் திறந்த வெள்ளைப் பளிங்கு மண்டபம் அது. சாலை கிடையாது, நடந்துதான் போக வேண்டும். 53 பேரின் பெயரும் பக்கத்தில் தனிக் கல்லில் இருக்கிறது. மகள் வாசிக்கட்டும்.

ஐந்தாம் நாள் டிச்லிங் பீக்கன், பிறகு சவுதீஸ். நீளமான நாள் இது, பை வேனில் போகட்டும் (சேற்றுக்கால் அண்ணா கண்ணை மூடிக்கொள்வார்). ஆறாம் நாள் ஆல்ஃப்ரிஸ்டன், ஏழு மைல்தான். ஏழாம் நாள் ஈஸ்ட்போர்ன். ஆல்ஃப்ரிஸ்டனிலேயே பாதை இரண்டாகப் பிரியும். குதிரைகள் உள்நாட்டு வழியாகப் போகும். நீங்கள் செவன் சிஸ்டர்ஸ் என்ற கடலோரச் சுண்ணாம்புப் பாறை மேடுகள் வழியாகப் போங்கள். பெயர்தான் ஏழு, ஏறி இறங்கினால் எட்டு. விளிம்புக்குக் கிட்டப் போகாதீர்கள், சுண்ணாம்புப் பாறை அடியில் கடல் அரித்து மேலே புல் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். போட்டோவுக்காக நின்றவர்கள் விழுந்திருக்கிறார்கள்.

சேற்றுக்கால்

திட்டம் மோசமில்லை. கணவரிடம் சொல்லுங்கள்: அடுத்த வருடம் எடேலிலிருந்து ஹார்ட்டன்-இன்-ரிபில்ஸ்டேல் வரை, சுமார் 90 மைல். இரண்டு முனையிலும் ரயில் ஸ்டேஷன். ஓடிப்போகிற வழி அங்கேயும் உண்டு.

அருவி_ரெடிங்

அண்ணா, அவர் அதற்குள் எடேல் ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆம்பர்லி, வாஷிங்டன், ஸ்டெய்னிங் ரூம் போட்டாயிற்று. சவுதீஸில் யூத் ஹாஸ்டலில் குடும்ப அறை கிடைத்தது. ஆல்ஃப்ரிஸ்டன் தேடிக்கொண்டிருக்கிறேன். பைக்கோமில் இரண்டு இரவுக்கு ஒன்றுமே காணோம்.

மீனலோசனி

பைக்கோமில் அதிகம் கிடையாது. கீழே ஹாசக்ஸில் பாருங்கள், ஜாக், ஜில் காற்றாலைகளுக்கு அங்கிருந்து அரை மணி நேர ஏற்றம்தான். ஸ்டேஷனும் கடையும் இருக்கின்றன. வைஃபையும் இருக்கும்.